பெயர் எழுத வேண்டாம்

மன்னார் நகரத்தில் சனி, ஞாயிறுகளில் பட்டப்படிப்பு நடத்துகிற ஒரு கற்கை நிலையத்தில் இரண்டு வருடம் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்தேன். பெயர்தான் அப்படி. வரவு இடாப்பு மார்க் பண்ணுவது, புரொஜெக்டரைப் பூட்டிக் கழற்றுவது, ஒப்படைகள் திருத்துவது, வெளியூரிலிருந்து வருகிற விரிவுரையாளர்களுக்குச் சாப்பாடு எடுப்பித்து வைப்பது, இதெல்லாம் என் தலையில். தவணை முடிவில் மாணவர்களிடம் பின்னூட்டப் படிவம் வாங்குவதும் நான்தான். அந்தப் படிவத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கும்.

ஒரு தாள், இரண்டு பக்கம். விரிவுரையாளர் நேரத்துக்கு வருகிறாரா, விளங்கும்படி படிப்பிக்கிறாரா, கேள்வி கேட்க விடுகிறாரா என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். கடைசியில் ‘வேறு கருத்துகள்’ என்று ஒரு பெட்டி. மேலே தடித்த எழுத்தில் ‘பெயர் எழுத வேண்டாம்’. படிவம் நிரப்பும்போது விரிவுரையாளர் மண்டபத்தில் நிற்கக் கூடாது. நிரப்பியவற்றை மாணவர்களுக்கு முன்னாலேயே உறையில் போட்டு ஒட்ட வேண்டும். பரீட்சை முடிவு வெளிவரும்வரை அவர் அதைப் பார்க்கக் கூடாது. இந்த விதிகளை வகுப்பில் நானே வாசித்துக் காட்டினேன், நல்ல உரத்த குரலில்.

புள்ளிவிபரவியல் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக் காரில் வருவார். ஒன்பது மணி வகுப்புக்குப் பத்தேகாலுக்கு வருவார். பாலத்தில் காற்று, ரோட்டில் மாடு என்று ஏதாவது சொல்லிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து, திரையில் இருப்பதை ஒரு சொல்லும் கூட்டாமல் வாசிப்பார். யாராவது கை உயர்த்தினால் முகம் சுருங்கும். “இதுகூடத் தெரியாமல் என்னத்துக்கு டிகிரிக்கு வந்தனீங்கள்?” பாட இணைப்பாளரும் அவரே. வருடா வருடம் என் நியமனத்தை நீட்டச் சொல்லிக் கடிதம் எழுதுவதும் அவரே.

அந்த வகுப்பில் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, பெற்றோருடன் ஊர் திரும்பிய பெண்பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். முகாமில் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். திரும்பி வந்தபோது ஒரு குடும்பம் உயிலங்குளத்துக்குப் போய் வயல் செய்தது. மற்றக் குடும்பம் முள்ளிக்குளத்துப் பக்கம் போனது, தகப்பன் கடலுக்குப் போகிறவர். முள்ளிக்குளத்திலிருந்து சனியும் ஞாயிறும் போய்வர பஸ் சரிவராது. அதனால் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளை உயிலங்குளத்துத் தோழியின் வீட்டில் தங்கி, ஞாயிறு காலை இருவரும் ஒன்றாக வருவார்கள். எங்களோடு கதைக்கும்போது எங்கள் தமிழுக்கு மாறப் பார்ப்பார்கள். பாதி வழியில் மறந்துபோகும். வகுப்பு சிரிக்கும். அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

முதல் தவணைப் படிவங்களை நான் வாங்கி, ஒட்டி, கந்தோர் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அடுத்த நாள் ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புள்ளிவிபரவியல் சேர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“பிள்ளை, அந்த என்வலப்பை ஒருக்கா எடுத்து வாங்கோ.”

“சேர், அது ரிசல்ட்ஸ் வந்த பிறகுதானே…”

“தெரியும், தெரியும். நான் என்ன திண்டிடவா போறன்?”

கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாம் முறை மறுக்கக்கூட இல்லை. நான் வாங்கி வைத்திருந்த மீன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, அதே கையால் உறையைக் கிழித்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். விரல் எண்ணெய் தாள்களில் படிந்து, பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிந்தது. பெரும்பாலான பெட்டிகள் வெறுமை. சிலதில் ‘நன்று’. ஒரு தாளில் நின்றார். சத்தமாக வாசித்தார்.

“சார் ரொம்ப லேட்டாக வருகிறார். டவுட் கேட்டால் திட்டுகிறார். அதனால் யாரும் கேட்பதில்லை. கேட்டால்தானே புரியும்.”

வாசித்துவிட்டுச் சிரித்தார். வாயோரத்தில் மீன் துகள் ஒட்டியிருந்தது.

“ரொம்பவாம். திட்டுறாராம். எங்கட ஆக்கள் எண்டால் ‘ஏசுறார்’ எண்டெல்லோ எழுதுவினம். ரெண்டு இந்தியாக்காரியளில எது இது?”

அவர் கதிரையைக் காட்டினார். “இருங்கோ பிள்ளை. தேத்தண்ணி குடிச்சனீங்களோ?” அந்த அறையில் அதுவரை யாரும் என்னை இருக்கச் சொன்னதில்லை. இருந்தேன். அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒப்படைகளைத் திருத்துகிறவள் நான். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரியும்.

“உயிலங்குளத்துப் பிள்ளையா இருக்கும் சேர்” என்றேன்.

அவர் மிரட்டவில்லை. நியமனக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. பயந்து சொன்னேன் என்று என்னைத் தேற்றிக்கொள்ளவும் வழி இல்லை. ஒரு கதிரை, ஒரு தேத்தண்ணி, என்னிடம் ஒரு விஷயம் கேட்கிறார் என்கிற சின்னச் சந்தோசம். இவ்வளவுக்குத்தான் சொன்னேன்.

அடுத்த தவணையும் அவர்தான் படிப்பித்தார். முதல் வகுப்பிலேயே தொடங்கிவிட்டார். பாடத்தின் நடுவில் நிறுத்தி உயிலங்குளத்துப் பிள்ளையைப் பார்ப்பார். “ரொம்ப டவுட் இருக்கோ அம்மா? கேளுங்கோ, திட்டமாட்டன்.” வகுப்பு முதலில் விளங்காமல் சிரித்தது. இரண்டாம் வாரம் விளங்கிச் சிரித்தது. அரச கந்தோர்களில் வேலை செய்கிற, பிள்ளை குட்டி பெற்ற பெரிய ஆட்கள் சிரித்தார்கள். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்ற நானும் முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை எழுந்து, “இல்ல சார்” என்று சொல்லிவிட்டு இருக்கும். கொஞ்ச நாளில் ‘சார்’ ‘சேர்’ ஆனது. பிறகு அந்த ‘சேரும்’ இல்லை. தலையை மட்டும் ஆட்டும்.

ஒரு ஞாயிறு காலை இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக வரவில்லை. முள்ளிக்குளத்துப் பிள்ளை வரவேயில்லை. அடுத்த கிழமை வந்து பின் வரிசையில் தனியாக இருந்தது. நான் மெதுவாகக் கேட்டேன்.

“என்ன, ரெண்டு பேரும் கோவமோ?”

“மிஸ், அந்தப் பேப்பர்ல அவ எழுதினது எனக்கு மட்டும்தான் தெரியும்னு சொல்றா. நான்தான் சார்கிட்ட போட்டுக் குடுத்தேனாம். அவங்கம்மா முன்னாடியே சொல்லிட்டா. அந்த வீட்டுல நான் எப்படி மிஸ் போய்ப் படுக்கிறது?”

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். “ரெண்டு நாளையில சரியாப் போயிடும்” என்று சொல்லிவிட்டு வரவு இடாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சரியாகப் போகவில்லை. அந்தப் பிள்ளை மூன்று சனிக்கிழமை மட்டும் வந்து, மத்தியானமே பஸ்ஸுக்கு ஓடியது. பிறகு நின்றுவிட்டது. இடாப்பில் அதன் பெயருக்கு எதிரே நான் சிவப்புப் பேனையால் கோடு இழுத்துக்கொண்டு போனேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். பேசாலையில் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழந்தாளில் நின்று, “பிறரைப் பற்றிச் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன்” என்றேன். என்ன சொன்னேன், யாருக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ செபம் கிடைத்தது. கோயில் வாங்கில் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். வெளியே வரும்போது மனம் லேசாக இருந்தது.

இரண்டாம் தவணைப் படிவத்தைச் சேர் தானே கொடுத்தார். விதியை அவருக்கு ஞாபகப்படுத்த நான் துணியவில்லை. கதவடியில் சாய்ந்து நின்று சொன்னார்: “உண்மையை எழுதுங்கோ. ஆரின்ர எழுத்தெண்டு எனக்கு விளங்கும், பயப்பிடாதேங்கோ.” பகிடிபோலத்தான் சொன்னார். எல்லாத் தாளிலும் எல்லாக் கேள்விக்கும் ஐந்து. சிலர் ஒவ்வொன்றாக வட்டமிடக்கூட இல்லை, மேலிருந்து கீழே ஒரே நீள வட்டம். உயிலங்குளத்துப் பிள்ளையின் தாளிலும் ஐந்துகள்தான். பெட்டிக்குள் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை மறுபடியும் நான் கண்டுபிடித்தேன்.

பிறகு தர மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டு தவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்தான் வரைபடம் செய்தேன். முதல் தவணைக்குச் சின்னத் தூண், இரண்டாம் தவணைக்கு உயரத் தூண். ‘மாணவர் கருத்துகளின் அடிப்படையில் கற்பித்தல் மேம்படுத்தப்பட்டது’ என்ற வசனத்தைச் சேர் சொல்லச் சொல்ல அடித்தேன். வந்தவர்கள் தலையாட்டினார்கள். கேக்கும் பால் பக்கெற்றும் கொடுத்தோம். அவர்களில் ஒரு அம்மா மட்டும் மாணவர்களோடு தனியாகக் கதைக்கவேண்டும் என்றார். நான் மொழிபெயர்க்க நின்றேன்.

“நீங்கள் இந்தப் படிவத்தில் எழுதுவதால் ஏதாவது மாறுகிறதா?” என்று கேட்டார்.

அவர் உயிலங்குளத்துப் பிள்ளையைக் கையால் காட்டினார். பிள்ளை எழுந்து என்னைப் பார்த்தது. நான் மொழிபெயர்த்து முடிப்பேன் என்று காத்திருந்தது, வேறொன்றும் இல்லை.

“ஓம் மேடம். எல்லாம் நல்லா இருக்கு” என்றது.

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா எழுதிக்கொண்டார். வெளியே ஓடிப்போய் மதிலடியில் வாந்தி எடுத்தேன். அங்கே நின்ற மன்னார்த் தெருக் கழுதைகள் விலகிக்கூடப் போகவில்லை.

அன்று பின்னேரம் பஸ் நிலையத்தில் அந்தப் பிள்ளை உயிலங்குளம் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அந்த முதல் தவணைப் படிவம் நீங்கள் எழுதினது எண்டு சேருக்குச் சொன்னது நான்.”

பிள்ளைக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. “நீங்களா? எப்போ?”

“எழுதின அடுத்த நாளே.”

“அப்ப அவ சொல்லலையா?”

“இல்லை. அவவுக்கு ஒண்டும் தெரியாது.”

“ஏன்க்கா?”

பஸ் நிலையத்தில் என்னை மிஸ் என்று கூப்பிடமாட்டார்கள், அக்கா என்றுதான். கதிரை, தேத்தண்ணி என்று எப்படிச் சொல்வது? “கேட்டார், சொல்லிட்டன்” என்றேன்.

“சீ!” என்றது.

அதற்குமேல் ஏசவில்லை. போனை எடுத்துத் தோழிக்கு அடித்தது. தோழி தன்னை ‘புளொக்’ பண்ணி வைத்திருக்கிறாள் என்று ஞாபகம் வந்ததும் போனைப் பார்த்தபடியே நின்றது. பிறகு, “ஆறு மாசமா அவகிட்ட பேசலையே நான், அவங்கப்பாவ மருதமடுத் திருவிழாவுல பாத்தும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனே” என்று தனக்குத்தானே சொன்னது. பஸ் வந்தது. ஏறியது. யன்னல் பக்கம் இடம் இருந்தும் என் கண்ணில் படாத பக்கமாகப் போய் இருந்தது.

அடுத்த கிழமை நிலையப் பணிப்பாளருக்கு நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். வரவு குறைந்தது முள்ளிக்குளத்துப் பிள்ளையின் பிழை இல்லை, மறுபடி சேர்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். பணிப்பாளர் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை ஃபைல் பண்ணினால் என்வலப்பைக் குடுத்தது நீங்கள் எண்டுதான் முதல் வரும். உங்களுக்குத்தான் பிரச்சினை.”

“பரவாயில்லை சேர்.”

“எங்களுக்கும்தான்” என்றார். “இப்பதான் நல்ல றிப்போட் ஒண்டு வந்திருக்கு.”

கடிதம் எங்கே போனது என்று தெரியாது. என் நியமனம் அந்த வருடத்தோடு முடிந்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நீட்டவும் இல்லை. சேருக்கு அதற்கிடையில் பதவி உயர்வு கிடைத்திருந்தது. விண்ணப்பத்தோடு அந்த வரைபடமும் போயிருந்தது.

போவதற்கு முன் மறுபதிவுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு முள்ளிக்குளத்துப் பக்கம் போனேன். தாய் கதிரையை இழுத்துப் போட்டார். பிள்ளை உள்ளிருந்து வந்தது. தோழி முதலே வந்து அழுது எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் படிவத்தை நீட்டினேன். அது கையை நீட்டவில்லை.

“அங்க வச்சிட்டுப் போங்க” என்று மேசையைக் காட்டியது. தாய், “என்ன பழக்கம் இது” என்று கடிந்தார். அது அசையவில்லை. நான் மேசையில் வைத்தேன். காற்றுக்குப் பறக்காமல் இருக்கப் பக்கத்தில் இருந்த செம்பைத் தூக்கி மேலே வைத்தேன். தாய் தந்த தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை. பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்த வருடப் பதிவுப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. அடுத்த வருடம் இருந்ததாக அங்கே வேலை செய்கிற ஒருவர் சொன்னார். தோழிக்கு இரண்டு வகுப்பு கீழே, ஆனால் சனிக்கிழமைகளில் பழையபடி உயிலங்குளத்தில்தான் தங்குகிறதாம்.