வெர்லனின் உப்பு பிஸ்கட்

வெர்லன் டிட்வெல் அலபாமாவின் வடபகுதியில் இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாக எரிவாயு நிரப்பும் லாரியை ஓட்டுகிறவர். தன்னைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. தன் வாய் முந்திக் கிளம்பிவிடும், புத்தி அடுத்த லாரியில்தான் வரும் என்று வாடிக்கையாளர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். தேவாலயத்தில் யாராவது புகழ்ந்தால், என் வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள் என்பார்.

அந்த வாய் மூன்று வாரத்துக்கு முன் மகள் ரேலினிடம் கிளம்பியது. ராணுவத்தில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவளிடம், காலையில் அலாரத்தை நாலு முறை அணைக்கிற உன்னை ஒரே வாரத்தில் பார்சல் கட்டி அனுப்பிவிடுவார்கள் என்றார். அதை நகைச்சுவை என்றுதான் நினைத்தார். அன்றிலிருந்து ரேலின் அவரிடம் பேசவில்லை. டிவி ரிமோட்டைக் கேட்பதானாலும் அம்மா வழியாகத்தான் கேட்டாள்.

இன்று காலை எட்டு மணிக்கு அவளை அழைத்துப்போக வண்டி வருகிறது. பேசாமலே போய்விடுவாளோ என்ற நினைப்பில் வெர்லன் விடியுமுன்பே எழுந்துவிட்டார். எதற்கும் முந்திக் கிளம்புகிற வாய், மன்னிப்புக் கேட்க மட்டும் கிளம்பாது. அதனால் பிஸ்கட் செய்வதென்று முடிவெடுத்தார். மோர் விட்டுப் பிசைந்து, அடுக்கடுக்காக உப்பி வரும், பன் மாதிரி மெத்தென்ற பிஸ்கட். மேலே ஊற்ற சாசேஜ் இறைச்சியை உதிர்த்துப் போட்ட வெள்ளைக் குழம்பு, பக்கத்தில் சோள ரவைக் கஞ்சி. சனிக்கிழமைதோறும் மனைவி கொரின் செய்வதுதான். வெர்லனுக்கு அதில் முப்பது வருஷ அனுபவம் உண்டு, எல்லாம் தின்ற அனுபவம்.

உதவிக்கு வந்த கொரினை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கட்டளையிட்டார். செய்முறையை போனில் தேடிப் பிடித்தார். அதை எழுதியவர் வடக்கே மினசோட்டாக்காரர்; அங்கே மாவு வெறும் மாவுதான். மாவு, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி உப்பு என்றிருந்தது. டப்பா மாவை அள்ளிப் போட்டு, மற்றதையும் அளவு தவறாமல் சேர்த்தார். அலபாமாச் சமையலறைகளில் இருக்கும் மாவோ, உப்பும் பேக்கிங் பவுடரும் மில்லிலேயே கலந்து வருவது. இது கொரினுக்குத் தெரியும். அவள் காபியை ஊதியபடி கட்டளைக்குக் கீழ்ப்படிந்தாள்.

ஓவனில் பிஸ்கட்கள் ஆகாயத்துக்கு உப்பி, பிறகு பிரசங்கத்தின்போது வெர்லன் தூங்கிச் சரிவதைப் போலவே ஒருபக்கமாகச் சரிந்தன.

ஏழேமுக்காலுக்கு ரேலின் பையோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மெல்லுவது பாதியில் நின்றது. தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள். வெர்லனும் ஒரு துண்டு தின்று பார்த்தார். கடல் தண்ணீரில் சோப்பு கரைத்த மாதிரி இருந்தது.

"மாவுலயே உப்பு இருக்கு," என்றாள் கொரின்.

"பாத்துக்கிட்டுதானே இருந்த? சொல்லக் கூடாதா?"

"வாயத் தொறக்காதேன்னு சொன்ன மகராசன் யாரு?"

மன்னிப்புக் கேட்காமல் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே வழியான சாப்பாடும் கைவிட்டுவிட்டது. வெர்லன் தட்டைப் பார்த்தபடி பேசினார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு, கண்ணு. நீ போறேன்னதும் பயந்துட்டேன். பயந்தா எனக்குக் கிண்டல்தான் வருது."

ரேலின் தண்ணீர்க் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"பயமா இருக்குன்னே சொல்லியிருக்கலாமேப்பா."

"அவ்வளவு புத்தி இருந்தா இந்தப் பிஸ்கட்ட உனக்குத் தின்னக் குடுப்பேனா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள்.

"இதுல உப்பே போடல நீங்க."

போட மறந்திருந்தார். இதுவும் போயிற்று என்று அவர் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினார். ரேலின் கொடுக்கவில்லை. ஒரு பிஸ்கட்டை உதிர்த்துக் கஞ்சியில் கொட்டி, வெண்ணெய் போட்டுக் கிளறிச் சாப்பிட ஆரம்பித்தாள்; உப்பு இப்போது சரியாக இருந்தது. வாசலில் வண்டியின் ஹார்ன் கேட்டது. ரேலின் காலிக் கிண்ணத்தை, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி அப்பா பக்கம் நகர்த்தினாள். கொரின் எழுந்து, வண்டிக்காரரை அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வாசலுக்குப் போனாள்.