புல்கி இறக்கை தட்டிய ஒரேஸ்தே

ஒரேஸ்தே பெர்தோலா எனக்கு எட்டாயிரம் பேசோ கடன்பட்டிருந்தான். வீட்டுக்குக் கூரை போட வாங்கியது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தள்ளுவண்டியில் பழைய இரும்பு பொறுக்கியே கோர்தோபா நகரில் சொந்தக் கிடங்கு போட்டேன். எங்கள் தெருவுக்கு நான்தான் வங்கி, அதுவும் வட்டியில்லாத வங்கி. சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

ஒரேஸ்தே விமானத் தொழிற்சாலையில் தகடு தட்டுகிறவன். நம் நாடே செய்த ஜெட் போர் விமானம் புல்கி. பின்னோக்கிச் சாய்ந்த அதன் இறக்கைக்கு, மர அச்சின்மேல் தகட்டை வைத்துச் சுத்தியலால் வளைத்தவன் இவன். அது முதலில் பறந்த அன்று தெருவில் நின்று அழுதான்.

"என் இறக்கைய்யா அது! நூறு விமானத்துக்கு ஆர்டர் வரப்போகுது. வந்ததும் உன் கடன் ஒரே தவணையில தீந்துடும்."

ஆர்டர் வரவில்லை. ஓட்டிப் பார்த்தவர்களில் இருவர் விழுந்து செத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி சுடும் இடத்தில் எவனாவது ஆரம்பிப்பான்:

"என்னப்பா ஒரேஸ்தே, நூறாவது விமானம் முடிஞ்சிடுச்சா?"

"சிரிங்கடா. தலைக்கு மேல பறக்கும்போது வாயப் பொளப்பீங்க."

பக்கத்தில் கார் ஆலை ஆள் எடுத்தது. அவனுக்காக நானே போய்ச் சொல்லிவைத்தேன். அவன் போகவில்லை. "திடீர்னு புல்கி வேலை ஆரம்பிச்சா அச்சுக்கு யாருய்யா இருப்பா?" என்றான். அவன் மனைவி நெல்லி ஊரார் துணி துவைத்தாள்.

ஆட்சி கவிழ்ந்தது. சில வருடத்தில் அமெரிக்க விமானங்கள் வந்து இறங்கின. புல்கியைக் கைவிட்டு இவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இறக்கை அச்சுகள் ஏலத்துக்கு வந்தன. எடுத்தது நான்தான்.

மறுநாளே கிடங்கில் வந்து நின்றான். "உடைக்கிறதுக்குக் கூலி எவ்வளவு?"

"உனக்கு வேற வேலை தரேன்யா."

"கூலியக் கேட்டேன். வேற எவனும் அதுல கோடாலி வைக்கக் கூடாது."

கடனில் கழித்துக்கொள்ளலாம் என்றேன்.

"கழிக்கிற கதையெல்லாம் வேணாம். காசாக் கையில குடு."

குளிர்காலம் முழுக்க உடைத்தான். மாத்தே தேநீர் குடிக்கக்கூட எங்களோடு உட்காரவில்லை. அச்சைக் கட்டியிருந்த இரும்புப் பட்டை எனக்கு, மரம் தெருவுக்கு விறகு. எல்லா வீட்டு அடுப்பிலும் அந்த இறக்கைதான் எரிந்தது. நெல்லி மட்டும் வாங்கவில்லை. குளிரில் இருமிக்கொண்டே துவைத்தாள்.

கடைசி அச்சும் முடிந்த சாயங்காலம், "கைய நீட்டு" என்றான்.

விலைவாசி ஏறியிருந்ததில், அவன் கடன் வாங்கிய பணத்துக்கு அப்போது கால்வாசிக் கூரைகூட வராது. "வேணாம்யா, எனக்கென்ன குறை? நெல்லிக்கு மருந்து வாங்கு."

"நீ பெரிய ஆளுதான். கைய நீட்டுய்யா."

நீட்டினேன். முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு நோட்டாக, எட்டாயிரத்தையும் என் உள்ளங்கையில் எண்ணி வைத்தான்.