குடை பிடித்துப் பறந்த முயல்

மாசாயில் நான்காம் மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். மனைவிக்கு எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை; விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எனக்கு பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட். மதிய ஷிஃப்ட் வாரங்களில் காலை முழுவதும் மகளைப் பார்த்துக்கொள்வது நான்தான். அவளுக்கு மூன்று வயது நிறைய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

பார்த்துக்கொண்டது நானா டிவியா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கண் இமைக்காமல் கார்ட்டூன் பார்ப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்; ஓரிரு சொல்லுக்கு மேல் பேசவும் மாட்டாள். டிவியை அணைத்தால் தரையில் விழுந்து தலையை முட்டிக்கொள்வாள். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே நாங்கள் அணைப்பதை விட்டுவிட்டோம். அவளுக்குப் பிடித்தது ஒரு முயல். ஆபத்து வரும்போதெல்லாம் குடையை விரித்துக் கூரையிலிருந்து குதிக்கும்; மெதுவாகத் தரையிறங்கும்.

அன்று கேஸ் கொண்டுவந்த ஆள் போனதும் கிரில் கதவைச் சாத்தினேன். பூட்டவில்லை. சமையலறையில் புது சிலிண்டரை மாட்டிக்கொண்டிருந்தேன். டிவியில் பாட்டு ஓடியது. கூடவே அவள் குதிக்கும் காலடிச் சத்தம் வழக்கமாகக் கேட்கும். அன்று கேட்கவில்லை.

ஹாலில் அவள் இல்லை. கிரில் திறந்திருந்தது.

வெளியே நடைபாதைச் சுவரை ஒட்டி எங்கள் செருப்பு அலமாரி. அதன்மேல் நின்றிருந்தாள். கையில் அம்மாவின் குடை, விரித்தபடி. ஒரு முழங்கால் சுவர்மேல் ஏறியிருந்தது. சுவருக்கு அப்பால் நான்கு மாடிப் பள்ளம்.

எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர், துணிக்கூடையோடு தன் வாசலில் உறைந்து நின்றார். அவரும் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் உதட்டை மட்டும் அசைத்தார். "பெலான் பெலான்." மெதுவாக, மெதுவாக.

"பாப்பா," என்றேன். திரும்பவில்லை. காற்றில் குடை ஆடியது. ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்றால் இடையில் ஏழெட்டு அடி. பயந்து துள்ளினால் முடிந்தது.

அந்தக் கார்ட்டூனில் முயலுக்கு ஒரு கரடி நண்பன் உண்டு. முயல் குதிக்கப் போகும்போதெல்லாம் மூச்சிரைக்க ஓடிவரும். அதன் குரல் எப்படியோ என் தொண்டையில் வந்தது.

"வெயிட் ஃபார் மீ, வெயிட் ஃபார் மீ."

அவள் நின்றாள். முகம் திரும்பவில்லை. ஆனால் முயல் செய்வதுபோலவே ஒரு கையைப் பின்னால் நீட்டினாள், கரடி பிடித்துக்கொள்வதற்காக. அதையே சொல்லிக்கொண்டு ஒவ்வோர் அடியாகப் போனேன். முதலில் கையைப் பிடித்தேன், பிறகு இடுப்பை. குடை கையிலிருந்து நழுவிக் கீழே போய்விட்டது. அது மிதக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் மோதிய சத்தம் மேலே வரை கேட்டது.

மாக்சிக் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் குடைக்காக அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய் கிரிலைப் பூட்டினேன்.

அன்று ஷிஃப்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் மனைவி வந்ததும் டிவி வயரைப் பிடுங்கப் போனேன்.

"டிவி மேல பழிய போடாதீங்க லா," என்றாள். "கிரில்ல பூட்டணும். அது வேற. ஆனா கூப்பிட்டா திரும்பாத புள்ளைய டாக்டர்கிட்ட காட்டணுமா வேணாமா?"

போனோம். காது நன்றாகவே கேட்கிறது என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக்கொடுத்தார். டிவியைக் குறைக்கச் சொன்னார். பார்க்கிற நேரத்தில் தனியாக விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் சொன்னார்.

குறைத்த முதல் வாரம் வீடு வீடாகவே இல்லை. கத்தினாள், கடித்தாள். கீழ்வீட்டுக்காரர் இருமுறை ஏறிவந்து கேட்டுவிட்டுப் போனார். தலையை முட்டும்போது என் உள்ளங்கையைத் தரைக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் வைத்தேன்.

மாதங்கள் ஓடிவிட்டன. இப்போது காலையில் ஒரு கார்ட்டூன் மட்டும், என் மடியில் உட்கார்ந்து. போன வாரம் ஒரு பூனை மரத்திலிருந்து விழுந்தது. நான் கூப்பிடாமலே அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, பூனைக்கு வலிக்குமா?"

"வலிக்கும்டா," என்றேன்.

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.