சின்னத்தம்பியின் கட்டைவிரல்

சின்னத்தம்பி ஒரு காலத்தில் காசி செட்டியாருக்குப் பதினோராயிரம் வெள்ளி கடன்பட்டிருந்தார். சாஆ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையில் குலை வெட்டும்போது, நீளக் கம்புக் கத்தி வலது கை ஆள்காட்டி விரலைப் பாதியோடு கொண்டுபோய்விட்டது. அந்தக் கையை வைத்துக்கொண்டு இனி வெட்டு வேலை ஆகாது என்று தோட்ட ஆபீஸ் கிராணி சொன்னதும், நேரே செட்டியாரிடம் போய் நின்று கடன் வாங்கி, ஒரு பழைய லாரியை எடுத்தார். வட்டியும் முதலுமாகக் கடைசி வெள்ளிவரை கட்டி முடித்தார். அதற்குப் பிறகு எவனிடமும் கை நீட்டியதில்லை. காசைக் கொடுத்த பிறகுதான் பொருளைத் தொடுவார். அவர் ஊர் கூலாயில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் பாரந்தூக்கி லாரியை ஓட்டத் தெரிந்தவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? இன்றைக்கு அவரிடம் ஐந்து லாரி, சொந்த வீடு, வங்கியில் போனால் உட்காரச் சொல்லி நாற்காலி போடுகிறார்கள். எல்லாம் அந்த ஒன்பதரை விரலால் சம்பாதித்தது. சும்மாவா?

இப்படிப்பட்ட மனுஷன் அறுபது வயதுக்கு மேல் ஒரு வில்லை வாங்கினார். அவர் வாழ்க்கையில் எதற்கும் உபயோகமில்லாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

நடந்தது இது. கூலாய்க்கு வெளியே, செம்பனைக் காட்டை ஒட்டி ஒரு வில்வித்தைத் திடல் இருக்கிறது. அங்கே சாமான் வைக்க ஒரு பழைய கப்பல் கொள்கலனை இறக்கவேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஒரு முடி அளவுகூடப் பிசகாமல் சுத்தமாக இறக்கிவைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, சுரிதாரும் விளையாட்டுச் சப்பாத்துமாக வில்லை இழுத்துக்கொண்டு நின்றாள். அவள் பெயர் கஸ்தூரி. இருபத்தெட்டு வருஷம் விடியுமுன் பேருந்து ஏறி, பாலம் தாண்டி, சிங்கப்பூரில் மின்னணு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தக் கம்பெனி விளையாட்டு மன்றத்தில்தான் வில் பிடிக்கக் கற்றாளாம்.

அவள் எதையும் செய்த மாதிரியே தெரியவில்லை. நின்றாள். அவ்வளவுதான். அம்பு எப்போது போனதென்று சின்னத்தம்பிக்குத் தெரியவில்லை. ஐம்பது மீட்டருக்கு அப்பால், இலக்குப் பலகையின் நடு மஞ்சள் வட்டத்தில் டக்கென்று ஒரு சத்தம். பூவைத் தண்ணீரில் விட்டவள் மாதிரி கை மட்டும் மெதுவாகப் பின்னால் போயிருந்தது. இத்தனை வருஷம் டன் டன்னாகத் தூக்கி வைத்தவருக்கு ஒரு சிறிய அம்பு உடம்பெல்லாம் புல்லரிக்க வைத்துவிட்டது.

அடுத்த வாரமே ரொக்கம் கொடுத்துக் காம்பவுண்ட் வில் வாங்கிவிட்டார். கப்பிகள் வைத்த வில் அது. இழுக்கும்வரை மாடு மாதிரி முரண்டும், கடைசியில் கன்றுக்குட்டி மாதிரி அடங்கிவிடும்.

"குலை வெட்டினது போதாதா? இப்போ காகிதத்தைக் குத்தப் போறீங்களா?" என்றாள் மனைவி செல்லம்.

"நீ ஏன்டி பேசுற, நான் அம்பு விட்டா நீயே வந்து கைதட்டுவ."

யாரும் கைதட்டவில்லை. காம்பவுண்ட் வில்லின் நாணை விரலால் இழுப்பதில்லை. ரிலீஸ் என்று ஒரு கருவி நாணைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், விசையைத் தொட்டால் விட்டுவிடும். கடைக்காரன் அவருக்குக் கொடுத்தது மணிக்கட்டில் பட்டை கட்டுகிற வகை. அதன் விசை ஆள்காட்டி விரலுக்கு. அவருக்கோ அந்த விரலில் பாதி இல்லை. நடுவிரலை வளைத்து வைத்துச் சமாளித்தார். வில்லில் பொருத்திய குறிக்கண்ணாடியின் குறிப்புள்ளி மஞ்சளைத் தொட்டதோ இல்லையோ, விரல் வெடுக்கென்று இழுத்துவிடும். அம்பு சில நேரம் பலகையில் ஏறும், சில நேரம் புல்லுக்குள் போகும். ஒருநாள் சாமான் கொட்டகையின் தகரக் கூரையிலேயே போய்க் குத்தி நின்றது.

"அலமாக்! தலைவரே, கூரையில மாங்கா இருக்கா?" என்று கத்தினார் மனோகரன். செனாய் ஆலையில் மேற்பார்வையாளர், திடலுக்கு அம்பு விட வருகிறவர். அவர் கண் ரொம்ப நாளாக அந்த வில்லின் மேல்தான். "எனக்கு வித்துடுங்க லா. பாதி விலைக்கு எடுத்துக்கறேன்."

சின்னத்தம்பிக்கு ரத்தம் தலைக்கேறியது. திடலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வர்ற மாசக் கடைசிப் போட்டியில என் அம்பு ஒன்னு பலகையை விட்டு வெளிய போனாலும் வில்லு உனக்கு. பாதி விலை. சின்னத்தம்பி சொன்னா சொன்னதுதான்."

சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தபோதுதான் யோசித்துப் பார்த்தார். அந்த வில் போய்விட்டால் மறுபடியும் லாரிக் கணக்கும் டயர் விலையும்தான் மிச்சம். கஸ்தூரி அம்பு விட்டதுபோல ஒரே ஒரு அம்பாவது விடாமல் சாகக்கூடாது என்று ஆசைப்பட்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கையில் பிடித்துக் கட்டைவிரலால் விசையைத் தொடுகிற ரிலீஸ் ஒன்று உண்டென்று கைபேசியில் பார்த்தார். இருப்பதிலேயே விலை அதிகமானதை, நான்கு விரல் போடுகிறதை, கனத்த பித்தளையில் வரவழைத்தார். லாரியானாலும் சரி, எதுவானாலும் சரி, பெரியதை வாங்குகிறவன்தான் கெட்டிக்காரன் என்பது அவர் கட்சி.

கஸ்தூரி அதை வாங்கிக் கையில் எடைபோட்டுப் பார்த்தாள். "நல்ல சாமான்ணே. ஆனா உங்க கைக்கு இல்ல."

"என்னம்மா, ஆயிரத்து நூறு வெள்ளி!"

"போட்டுக் காட்டுங்க."

போட்டார். முதல் குழியில் பாதி விரல் வழுக்கியது. மீதி மூன்று விரலும் எட்டிப் பிடிக்கப் போராடின. இழுத்ததும் கருவி கோணலாகத் திரும்பிக்கொண்டது.

"நாலு கால் நாற்காலி, ஒரு கால் குட்டை" என்றாள் கஸ்தூரி. "வில்லை இழுங்க, ஒரு அம்பு விடுங்க. நான் உங்க விரலைப் பாக்கல, காலைப் பாக்கப் போறேன்."

விட்டார். அம்பு பலகை மூலையில் ஏறியது. கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்கும்மா சிரிக்கிற?"

"அண்ணே, எங்கப்பாவும் வெட்டுக்காரர்தான். லாபிஸ் தோட்டம். நீங்க அம்பு விடல, குலை வெட்டறீங்க. ஒரே இழுப்பு. அப்புறம் இடது காலைப் பின்னாடி வச்சுத் துள்ளி ஒதுங்கறீங்க, மேலேருந்து குலை விழுதுன்னு."

சின்னத்தம்பி குனிந்து பார்த்தார். இடது கால், நின்று அம்பு விடும் கோட்டுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். வெறும் வானம். ஒரு மேகம்கூட இல்லை.

வெட்டுக்காரனுக்கு அது உயிர்ப் பாடம். காம்பில் கத்தி பட்டால் ஒரே இழுப்பில் வெட்டவேண்டும்; தயங்கினால் கத்தி மாட்டிக்கொள்ளும். வெட்டியதும் ஒதுங்காவிட்டால் இருபது கிலோ முள்ளுக்குலை மண்டையில் இறங்கும். தோட்டத்தை விட்டு முப்பது வருஷம் ஆகியும் அவர் கால் இன்னும் செம்பனை மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தது. அவருக்கே அது பெரிய அதிசயமாக இருந்தது.

கஸ்தூரி தன் பெட்டியைத் திறந்தாள். துணியில் சுற்றிய நான்கைந்து ரிலீஸ்கள் இருந்தன. சிறியதாக, கறுப்பாக, மூன்று விரலுக்கு மட்டும் குழி வைத்த ஒன்றை எடுத்தாள்.

"இதுல ஆள்காட்டி விரல் போடற எடத்துல நடுவிரலைப் போடுங்க. அப்புறம் மோதிர விரல், சுண்டு விரல். அந்தப் பாதி விரல் சும்மா மடங்கிக் கெடக்கட்டும்."

கையை ஒரு விரல் கீழே இறக்கியதும் கருவி உள்ளங்கையில் பிறந்ததுபோல ஒட்டிக்கொண்டது. ஆனால் கட்டைவிரல் நுனிதான் விசையின் குமிழை எட்டியது. கஸ்தூரி சின்னச் சாவியால் திருகி, குமிழை நகர்த்தினாள். இப்போது அது கட்டைவிரலின் அடி மடிப்பில் வந்து உட்கார்ந்தது.

"நுனியில வச்சா அமுக்கத் தோணும். அடியில வச்சா அமுக்க முடியாது, அணைக்கத்தான் முடியும்" என்றாள். இன்னொரு திருகலில் விசையைக் கனமாக்கினாள். "லேசா தொட்டா போகாது. கட்டைவிரலைக் குமிழ் மேல சாய்ச்சு வச்சுட்டு மறந்துடுங்க. முதுகு மட்டும் இழுத்துக்கிட்டே இருக்கணும். முழங்கை பின்னாடி போகப் போக அதுவா விட்டுடும். எப்போ விடும்னு உங்களுக்கே தெரியக்கூடாதுண்ணே."

"எனக்குத் தெரியாம என் கையில ஒன்னு நடக்குமா? விளையாடறியா?"

"நடந்தா எனக்கு ஐந்நூத்து அம்பது வெள்ளி குடுங்க. நடக்கலன்னா திருப்பிக் குடுங்க."

சின்னத்தம்பி உடனே பணப்பையை எடுத்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இப்போ வாங்க மாட்டேன். காசு குடுத்துட்டீங்கன்னா ஆகாட்டியும் விட மாட்டீங்க, கௌரவம் பாப்பீங்க. எனக்கு உங்களத் தெரியும்."

காசு கொடுக்காத பொருளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது நெருப்புத் துண்டை வைத்துக்கொண்டு போனது மாதிரி இருந்தது.

வில்லைத் தொடவே கூடாது என்றாள் கஸ்தூரி. ஒரு நைலான் கயிற்றை அவர் இழுக்கும் அளவுக்கு வளையமாகக் கட்டிக் கொடுத்திருந்தாள். இடது கையில் கயிறு, வலது கையில் ரிலீஸ். லாரிப் படியில் உட்கார்ந்து இழுத்தார். சுவரைப் பார்த்து நின்று இழுத்தார். லாரிக்காரப் பையன்கள் "முதலாளிக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று கிசுகிசுத்தார்கள். முதல் நாட்களில் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குச் செல்லம் கூப்பிட்ட நேரம், டக்! கயிறு தானாகப் பறந்தது. அவர் பயந்தே போனார்.

"யாரு விட்டது?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும், ஆறிப்போற சோத்தைச் சாப்பிட வாங்க" என்றாள் செல்லம்.

மாதக் கடைசி ஞாயிறு. மழை விட்ட ஈரம், செம்பனைக் காட்டிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. மனோகரன் வில்லைப் போட்டுக்கொள்ள உறையோடு வந்திருந்தார், பாருங்கள் அந்தத் தைரியத்தை.

சின்னத்தம்பியின் அம்புகள் ஒவ்வொன்றாகப் பலகையில் ஏறின. நடுவில் இல்லை, ஆனால் பலகையில். கடைசி அம்பு மட்டும் பாக்கி. இழுத்தார். குறிப்புள்ளி மிதந்து மஞ்சளுக்குள் வந்தது. அந்த நொடியில் கட்டைவிரலுக்குள் பழைய வெட்டுக்காரன் எழுந்துவிட்டான். வெட்டு, வெட்டு என்றான். கால் பின்னால் போகத் தயாராகிவிட்டது.

சின்னத்தம்பி கட்டைவிரலை எடுத்துவிட்டு, வில்லைத் தாழ்த்தினார். அம்பு விடாமல்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் தூக்கிய கத்தியை வெட்டாமல் அவர் இறக்கியதே கிடையாது. முகமெல்லாம் சூடேறியது.

"தலைவரே, கை நடுங்குதா?" என்றார் மனோகரன்.

"பேசாம இரு லா" என்றாள் கஸ்தூரி.

அவர் மூச்சு விட்டார். மறுபடி இழுத்தார். கட்டைவிரலைச் சாய்த்துவைத்தார். முதுகு இழுத்தது. மஞ்சள் பெரிதாகத் தெரிந்தது, சூரியகாந்திப் பூ மாதிரி. காட்டில் ஏதோ குருவி கூவியது. அது என்ன குருவி என்று நினைத்துக்கொண்டிருந்தார், அம்பு போய்விட்டது.

அவர் விடவில்லை. சத்தியமாக அவர் விடவில்லை. ஆனால் அவர் கையிலிருந்துதான் போனது. எல்லாவற்றையும் தன் கையால் தானே செய்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைவிடப் பெரிய எதையும் அவர் பார்த்ததில்லை. குனிந்து பார்த்தார், இரண்டு காலும் கோட்டின் மேலேயே நின்றன.

"மஞ்சள்!" என்று யாரோ கத்தினார்கள். நடு மஞ்சள்.

மனோகரன் உறையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சரி தலைவரே. அந்தப் பித்தளைச் சாமானையாவது பாதி விலைக்குக் குடுங்க."

"எடுத்துக்கோ. நாலு விரலும் முழுசா இருக்கறவன்தானே நீ?" என்றார் சின்னத்தம்பி.

 

கஸ்தூரி அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு பலகையிலிருந்து திரும்பி வந்தாள். சின்னத்தம்பி அவள் எதிரே போய் நின்று பணப்பையைத் திறந்தார்.

"என்னண்ணே, நடந்துச்சா?"

"நடந்துச்சும்மா. எனக்குத் தெரியாமத்தான்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்தாள். அவர் எச்சில் தொட்டு, ஊதா நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்: நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு. கடைசியாக ஒரு பச்சை ஐம்பதை மேலே வைத்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிட்டுக் கையை எடுத்தார்.