சவுக்காரம் கொடுத்த சிவப்பு பெல்ட்

போன சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்: பையன்கள் பதினொரு பேர், பெண்பிள்ளைகள் ஒன்பது பேர், மாஸ்டருக்குப் பதிலாக வகுப்பு நடத்திக்கொண்டிருந்த வசந்தி, தூணோரம் பாயில் வருகை நோட்டோடு நான். ஆக இருபத்திரண்டு பேர். இருபத்து மூன்றாவதாக மாஸ்டரின் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "அண்ணன் போயிட்டாருக்கா" என்றார். நெஞ்சுவலி என்று மாஸ்டரை அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

பிள்ளைகள் உதைக்கத் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. நடத்துகிறவர் சொல்லாமல் வைக்கக் கூடாது என்பது மாஸ்டர் போட்ட சட்டம். வசந்தியோ தம்பியிடம் ஓடிவிட்டாள். கடைசியில் நான்தான், "இறக்குங்கய்யா" என்றேன்.

தனபாலன் மாஸ்டர் மூன்று இடத்தில் தெக்வாண்டோ பள்ளி நடத்தினார். பிழைப்புக்கு, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். லோரி நின்ற இடத்திலெல்லாம் பள்ளி முளைத்தது. ஜெராமில் டீ குடிக்க நிறுத்தினார், அங்கே ஒரு வகுப்பு. சுங்கை ஆயர் தாவாரில் டயர் பஞ்சர். மாற்றி முடிப்பதற்குள் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டார்.

"லோரி கெட்டா பள்ளிக்கூடம் தொறந்துடுறீங்களே மாஸ்டர்" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"முதலாளி புது லோரி கொடுத்திருந்தா ஒரு வகுப்புகூட வந்திருக்காதுக்கா" என்றார்.

முதலில் பையன்கள் மட்டும்தான் வந்தார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. ஒருநாள் மாஸ்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நீங்க வந்து சும்மா உட்காந்தா போதும். கோயில் அக்கா இருக்காங்கன்னு பொண்ணுங்கள அனுப்புவாங்க."

"எனக்குக் கராத்தேயெல்லாம் தெரியாதே தம்பி."

"கராத்தே இல்லக்கா, தெக்வாண்டோ."

"ரெண்டுலயும் உதைக்கத்தானே செய்யிறீங்க?"

நானும் வழக்கம்போல் கோயிலில் விளக்கேற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அந்த வாரமே வசந்தி வந்தாள், முதல் பெண். அவளுடைய அப்பா இரண்டு வாரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

பெற்றோர்களே, பெல்ட் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். முதல் பரீட்சையில் பதினைந்து பிள்ளைகள் மஞ்சள் பெல்ட்டுக்குத் தேறினார்கள். புது பெல்ட் வாங்குகிற வழக்கம் நம்மிடம் இல்லை, வெள்ளையையே சாயம் போட்டுக்கொள்வோம். "மஞ்சள்தானே, என்கிட்ட விடுங்க" என்று நான் வாங்கிக்கொண்டேன். மஞ்சள் கிழங்கு அரைத்துக் காய்ச்சி, முக்கி, கோயில் வேலியில் உலர்த்திக் கொடுத்தேன். அம்மன் சேலை போல ஜொலித்தது.

சான்றிதழ் கொடுக்கக் கிள்ளானிலிருந்து பெரிய மாஸ்டர் வருகிறார் என்று, முதல் நாளே தாய்மார்கள் அத்தனை பேரும் பிள்ளைகளின் உடுப்போடு பெல்ட்டையும் சேர்த்துச் சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்துவிட்டார்கள். மறுநாள் பதினைந்து பிள்ளைகளும் சிவப்பு பெல்ட்டோடு நின்றார்கள். கறுப்புக்கு முந்தியது சிவப்பு. அதைக் கட்ட வருஷக்கணக்கில் ஆகும். பெரிய மாஸ்டர் எங்கள் மாஸ்டரைப் பார்த்தார். எங்கள் மாஸ்டர் என்னைப் பார்த்தார். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கிற கை என் கை. சவுக்காரமும் அதே வேலையைச் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நாலு வருஷ வேலைய அக்கா ஒரே நாள்ல முடிச்சிட்டாங்க லா!" என்றார் மாஸ்டர். மண்டபமே சிரித்தது.

பெரிய மாஸ்டரும் சிரித்துக்கொண்டே வசந்தியைக் கூப்பிட்டார். "சிவப்பு கட்டியிருக்கிறாயே, உதை பார்ப்போம்" என்று மலாயில் சொல்லி, உதை பழகும் திண்டைப் பிடித்தார். அவள் உதைத்த உதையில் திண்டு அவர் கையை விட்டுப் போய்க் கோயில் உண்டியலில் மோதியது. அப்போது மாஸ்டர் சொன்னதை நான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "கலரப் பாக்காதீங்க, காலப் பாருங்க."

பிறகு பூசாரியிடம் எலுமிச்சம்பழம் வாங்கிப் பிழிந்து, பெல்ட்டுகளை மறுபடி மஞ்சளாக்கினேன். கடைசி பெல்ட்டுக்குப் பழம் போதவில்லை. நடுவில் மஞ்சள், இரண்டு முனையும் சிவப்பு. அந்தப் பிள்ளைக்கு வேறொன்று கொடுத்துவிட்டு, "இது உங்க பெல்ட்டுக்கா" என்று மாஸ்டர் என்னிடமே கொடுத்தார். இன்றுவரை வருகை நோட்டை அதில்தான் கட்டி வைக்கிறேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுவும் அந்த முதல் பக்கமும்தான்.

துக்கத்துக்கு வந்த இடத்திலேயே சில பெற்றோர் என்னிடம் சொன்னார்கள்: "மாஸ்டர் இருந்தாரு, அனுப்பினோம். பொம்பளப் புள்ள நடத்துற வகுப்புக்கு நம்பி எப்படிக்கா அனுப்புறது?" பிள்ளைகள் வராவிட்டால் மண்டபத்தில் பந்தல் சாமான் போடப் போவதாகக் கோயில் நிர்வாகமும் சொல்லிவிட்டது. இங்கே வகுப்பு நின்றால், இதைப் பார்த்து மற்ற இரண்டு இடமும் நின்றுபோகும்.

வசந்தி போன வருஷமே கறுப்பு பெல்ட் வாங்கிவிட்டாள். லோரி வேலையால் மாஸ்டர் வராத சனிக்கிழமைகள் இந்த வருஷம் ஒன்பது. ஒன்பதும் அவள் நடத்தியவை. உங்கள் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், நோட்டில் பெயர் இருக்கிறது. ஒருவருக்கும் முழங்கால்கூடச் சிராய்க்கவில்லை. வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் பாயைப் போடுவேன். பிள்ளையை அனுப்புகிறீர்களா இல்லையா என்று வெள்ளிக்கிழமை பூசைக்குள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.