மஞ்சக்கை மலை தாண்டிய வரலாறு

"இந்தப் பள்ளத்தாக்குல எனக்குத் தெரியாத வழின்னா, அது இனிமேதான் முளைக்கணும். நெனச்சேன்னா கண்ணைக் கட்டிக்கிட்டே மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவேன். என்னைப் புடிச்சு வைக்க இங்க என்ன இருக்கு?"

மஞ்சக்கை இப்படி முழங்கியது மாமனாருடைய விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில். சுற்றிலும் நடைப்பயணிகள், ஈரக் காலுறைகளைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டுவிட்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காடு புதிது, மழை புதிது, காலில் வந்திருந்த கொப்புளமும் புதிது. ஆகவே கைதட்டினார்கள். கல்லாவில் இருந்த மாமனார் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "மாப்பிள்ளை, எந்திரிச்சதுதான் எந்திரிச்சீங்க, அப்படியே ரெண்டு விறகு எடுத்து அடுப்புல வைச்சிடுங்க" என்றார்.

மாப்பிள்ளை வைத்தார்.

அவருடைய தொழில், காட்டு நடைபாதைகளில் மஞ்சள் அம்பு வரைவது. எவ்வளவு தேய்த்தாலும் விரலிடுக்கில் பெயின்ட் போகாது என்பதால் மஞ்சக்கை. கம்பித் தூரிகையால் மரத்தின் பாசியைச் சுரண்டுவார், துணியால் துடைப்பார், கண் உயரத்தில் ஒரு அம்பு போடுவார். போட்டுவிட்டு நடையைக் கட்ட மாட்டார். அம்புக்குக் கீழே முதுகைச் சாய்த்து நின்று, அடுத்த அம்பு கண்ணில் படுகிறதா என்று பார்ப்பார். படாவிட்டால் கிளையை ஒடிப்பார், அல்லது நடுவில் இன்னொன்று போடுவார். ஒன்றிலிருந்து அடுத்தது தெரியாத அம்பு அம்பே அல்ல, மரத்துக்கு வந்த தோல் வியாதி என்பது அவர் கொள்கை.

பாதை அலுவலகத்துக்கும் ஒரு கொள்கை இருந்தது. முன்னொரு காலத்தில் யாரோ சில பயணிகள் வழி தவறி, அவர்களைத் தேடிப்போனவர்களும் வழி தவறி, கடைசியில் எல்லாரையும் ஒரு நாய் கூட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கே அதிகாரி ஆழ்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். போகிறவன் எப்படியாவது போய்க்கொள்வான், திரும்பி வருவதற்குத்தான் அம்பு வேண்டும். அதன்பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றோரமானாலும் சரி, அருவிக்கு மேலேயானாலும் சரி, மலை முகட்டிலானாலும் சரி, வரையப்பட்ட அம்புகள் எல்லாமே ஒரே இடத்தைத்தான் காட்டின. வண்டிகள் நிறுத்தும் திடலை. திடலை ஒட்டி மாமனாரின் விடுதி. அதிகாரியின் சிந்தனையில் மாமனாரின் சூப்புக்கு ஏதாவது பங்கு உண்டா என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் பொல்லாத புத்தி இல்லை.

கல்யாணமான புதிதில், மழைக்காலம் முடிகிற வரைக்கும் என்று சொல்லித்தான் மஞ்சக்கை மாமனார் வீட்டுக்கு வந்தார். மழை முடிந்தது. மறுபடியும் வந்தது. மறுபடியும் முடிந்தது. மழைக்கு இருந்த ரோஷம் தமக்கு இல்லையே என்று அவருக்கே சில சமயம் தோன்றும். அவருக்கும் மனைவிக்கும் கொடுக்கப்பட்ட அறை, பயணிகளின் துணிகளை உலர்த்தும் அறைக்கு அடுத்தது. நடுச்சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், ஊரில் உள்ள காலுறை வாடையெல்லாம் அது வழியாகத்தான் மூச்சு விடும். அலமாரியில் விருந்தாளிகளுக்கான கம்பளிகள். இவர்கள் துணிமணி கட்டிலுக்கடியில் பெட்டிக்குள். கூட்டம் அதிகமானால், "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்பார் மாமனார். இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சுகளில் படுப்பார்கள். அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. யாருக்கு எப்போது கம்பளி தேவைப்படும் என்று சொல்ல முடியாதல்லவா?

மாமனார் ஒரு நாளும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதுதான் தொல்லை. திட்டினால் முறைத்துக்கொண்டு கிளம்பலாம். 'வாங்க போங்க' என்று சொல்லியே ஒரு மனிதனைப் பெஞ்சில் படுக்கவைத்தால் அவன் யாரிடம் போய் முறையிடுவது?

இந்த நிலையில்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா மலைக்கு அந்தப் பக்கம், ஆறு அகன்று ஓடும் சமவெளியில் குடித்தனம். அங்கே படகுத்துறைக்குக் காவலாள் வேண்டுமாம். வேலையோடு தண்ணீரைப் பார்த்தபடி இரண்டு அறை உள்ள ஒரு வீடும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் துறைக்காரர் வருகிறார், அவர் முன்னால் ஆள் நேரில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் வேறொருவன் வரிசையில் இருக்கிறான். மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போகும் வண்டிப் பாதையின் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது, அது சரியாக மாதக்கணக்காகும். ஆனால் முகட்டைத் தாண்டி நடந்தால் ஒரு பகல்தான்.

"நீதான் கண்ணைக் கட்டிக்கிட்டே வர்ற ஆளாச்சே. கண்ணைத் திறந்துக்கிட்டே வாடா, போதும்" என்றாள் அக்கா.

மனைவி விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். சம்பளம் கேட்கவில்லை, ஊர் எப்படி என்று கேட்கவில்லை.

"அந்த வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்காம்."

"அப்ப போங்க" என்றாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திட்டத்தையும் அவளே சொன்னாள். அவர் போய் இடத்தைப் பிடிக்க வேண்டியது. பாலம் சரியானதும் அவள் பெட்டியோடு வந்துவிடுவாள். அப்பாவிடம் அவளே பேசிக்கொள்வாள். "நீங்க பேச ஆரம்பிச்சா நடுவுல விறகு எடுக்கப் போயிடுவீங்க."

சனிக்கிழமை விடியலில் ரொட்டியும் அவித்த முட்டையுமாகக் கிளம்பினார் மஞ்சக்கை. கையில் பெயின்ட் டப்பாவும் தூரிகையும். ஏன் என்று மனைவி கண்ணாலேயே கேட்டாள். உங்கப்பா எதிர்ப்பட்டால் வேலைக்குப் போகிற மாதிரி இருக்கட்டுமே என்று கிசுகிசுத்தார். மாமனார் எதிர்ப்பட்டார்.

"வேலைக்கா மாப்பிள்ளை? சாயங்காலம் பெரிய கூட்டம் வருது. உங்க ரூமையும் கொஞ்சம்..."

"சரிங்க மாமா."

திடலைத் தாண்டியதும்தான் அவர் மூச்சு விட்டார். ஆனால் அன்றுவரை கவனிக்காத ஒன்று அன்றைக்கு உறுத்தியது. மேலே ஏறுகிறவனுக்கு அத்தனை அம்புகளும் எதிரே வருகின்றன. ஒவ்வொரு மரமும் அவர் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டி, எங்கேப்பா போறே, வீடு பின்னால இருக்கு என்றது. அத்தனையும் அவர் கையெழுத்து. தாமே போட்ட அம்புகளிடம் வாய் கொடுக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். ஓடையைக் கடந்தார், அருவியைக் கடந்தார், மதியத்துக்கு முன்பே முகட்டில் கடைசி அம்பு போட்ட மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே வரலாற்றாசிரியர் ஒரு சிறு உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இத்தனை வருஷத்தில் மஞ்சக்கை அந்த மரத்தைத் தாண்டி ஓரடிகூட வைத்ததில்லை. அதோடு அலுவலக எல்லை முடிகிறது. அந்த மரத்தடியில் உட்கார்ந்து முட்டை தின்றிருக்கிறார், ஏப்பம் விட்டிருக்கிறார், திரும்பி இறங்கியிருக்கிறார். அதற்கு மேல் அவர் போனதெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில், வாயால் போனதுதான்.

மரத்துக்கு அந்தப் பக்கம் மூடுபனி. அதற்குள் ஒற்றையடித் தடங்கள் இரண்டு மூன்று, மனிதன் நடந்ததோ மாடு நடந்ததோ. ஒன்றில் இறங்கினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் எந்த மரத்திலும் மஞ்சள் இல்லை. ஓடிவந்து பழைய மரத்தைத் தொட்டார். இன்னொன்றில் இறங்கினார், அது ஒரு பாறையில் முட்டியது. அந்தச் சமயம் பனி ஒரு நிமிஷம் விலக, வெகு கீழே அகன்ற ஆறு தெரிந்தது. கரையில் வெள்ளையாக ஏதோ, படகாக இருக்கலாம், வீடாகவும் இருக்கலாம். 'ஆறு தெரியுதில்ல, அதைப் பார்த்து இறங்கவேண்டியதுதானே' என்று எத்தனை பயணிகளைக் கிண்டலடித்திருக்கிறார். பனி மறுபடியும் மூடியது. அவர் இறங்கவில்லை. மரத்தடிக்கு வந்தார்.

அப்போதுதான் அற்புதமான யோசனை ஒன்று உதித்தது. கையில் பெயின்ட் இருக்கிறதே! தாமே அம்பு போட்டுக்கொண்டு இறங்கினால் என்ன? டப்பாவைத் திறந்தார், தூரிகையை நனைத்தார், அந்தப் பக்கத்துக்கான முதல் அம்பைப் போட மரத்தை நெருங்கினார். பார்த்தால், பழைய அம்பு வெளுத்துப்போய்க் கிடக்கிறது, வாலில் பாசி வேறு. பக்கத்தில் புது அம்பு போட்டால் பழையது எப்படித் தெரியும்? முதலில் இதைச் சரிசெய்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை.

சுரண்டினார், துடைத்தார், போட்டார். நல்ல அம்பு. பழக்கதோஷத்தில் கீழே நின்று அடுத்தது தெரிகிறதா என்று பார்த்தார். ஒரு கிளை மறைத்தது. நாலு எட்டு இறங்கி அதை ஒடித்தார். ஒடித்ததும் அடுத்த அம்பு தெரிந்தது. அதுவும் வெளுத்திருந்தது. மேலே பளிச்சென்று ஒன்று, கீழே அழுது வடிந்துகொண்டு ஒன்று, பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அதையும் போட்டார். அதன் கீழே நின்றார். அதற்கடுத்தது தெரிந்தது.

இப்படியாக, திரும்பிப் போவது என்று ஒரு இடத்திலும் முடிவு செய்யாமல், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மட்டுமே இறங்கியவர், பொழுது சாய்கிற நேரத்தில் திடலின் வாசல் கம்பத்தில் கடைசி அம்பைப் போட்டு முடித்தார். டப்பாவும் காலியாகியிருந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த வேலை என்று அதிகாரி பிற்பாடு பாராட்டினார்.

கொடியில் விரிப்புகளை எடுத்துக்கொண்டிருந்த மனைவி அவரைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள். "பெட்டியைக் கூடத்துல வெச்சுட்டேன். நம்ம ரூம்ல ஆள் வந்தாச்சு."

சாப்பாட்டுக் கூடம் நிரம்பியிருந்தது. யாரும் சொல்லாமலே மஞ்சக்கை விறகு இரண்டை எடுத்து அடுப்பில் வைத்தார். புதிதாக வந்த பயணி ஒருவர் சூப்பை ஊதிக்கொண்டே, முகட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து ஆற்றுக்குப் போக வழி உண்டா, உங்களைக் கேட்டால் தெரியும் என்றார்களே என்று கேட்டார்.

கல்லாவில் மாமனார் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். விரிப்புகளைச் சுமந்துகொண்டு வாசலில் வந்த மனைவி அங்கேயே நின்றாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் மஞ்சக்கை.