வில்லாக்காரியும் புலிக் கம்பளியும்

இப்போது எனக்கு ஜெபல் அலித் துறைமுகத்துக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. பழப்பெட்டி இறக்குவோம். பெட்டி உடைந்து வாழைப்பழம் சிந்தினால் மற்றவர்கள் காலால் ஒதுக்கிவிட்டுப் போவார்கள். நான் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்ப்பேன். கனிந்திருந்தால் கிழவிக்கு ஆகும், காயாக இருந்தால் பெரியவருக்கு. கை இன்னும் அப்படித்தான் பிரிக்கிறது. பின்னால் நிற்பவன் "யல்லா பாய், யல்லா" என்று விரட்டுவான். போட்டுவிட்டு வருவேன்.

கிழவியும் பெரியவரும் சிம்பன்சிகள். மனுஷக் குரங்கு என்போமே, அது.

இந்த வேலைக்கு முன்னால் பாலைவனத்துக்குள் ஒரு சரணாலயத்தில் இருந்தேன். ஓர் அரபியின் சொந்த இடம். கள்ளத்தனமாகக் கொண்டுவந்து விற்ற குட்டிகளைப் பணக்காரர்கள் வீட்டில் ஆசைக்கு வளர்ப்பார்கள். வளர்ந்து கடிக்க ஆரம்பித்ததும் கை கழுவுவார்கள். அப்படி வந்ததும், போலீஸ் பிடித்துக் கொண்டுவந்ததுமாக அங்கே ஐந்து இருந்தன. போர்டில் ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. நாங்களே கூப்பிட்டுக்கொண்டோம்.

கிழவி சர்க்கஸில் சைக்கிள் ஓட்டியவள். பல்லைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். பெரியவருக்கு ஒரு காது கிழிந்திருக்கும். அவர் வாயில் வைக்காமல் அங்கே யாரும் சாப்பாட்டில் கை வைப்பதில்லை.

நானும் ஒரு குமரிக்காரரும் பராமரிப்பு. அவர் கடலுக்குப் போனவர், பஹ்ரைனில் படகில் இருந்துவிட்டு வந்தவர். எனக்கு மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் என்னை மக்கா என்பார்.

காலையில் மாஸ்க், கையுறை. நமக்குச் சளி இருந்தால் அன்றைக்கு உள்ளே போகக்கூடாது, அதுகளுக்கு ஒட்டிக்கொள்ளும். கூண்டு கழுவ வேண்டும். கஞ்சி ஊற்ற வேண்டும். காய் நறுக்கி வெளிக்கொட்டடி முழுக்க இறைத்துவிட வேண்டும். தேடித் தின்றால்தான் பொழுது போகும் என்று அங்கிருந்த மிருக டாக்டரம்மா சொல்லியிருந்தார். கோடையில் தர்பூசணியை வாளித் தண்ணீரில் போட்டு ஐஸாக உறைய வைத்துக் கொடுப்போம். பெரியவர் அந்த ஐஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் பேரீச்ச மட்டை வெட்டிப் போடுவோம். அவரவர் படுக்கையை அவரவர் மடக்கிக்கொள்வார்கள். கிழவி மட்டையை வளைத்து, மேலே சாக்கைப் பரப்பி, தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். எங்கள் ரூமில் எவனும் அவ்வளவு சுத்தமாகப் படுத்ததில்லை.

ஒரு குளிர்காலத்தின் ஆரம்பத்தில் ஆறாவதாக ஒருத்தி வந்தாள். சின்னவள். ஒரு வில்லாவில் வளர்ந்தவள். மெத்தையில் படுத்திருக்கிறாள், கப்பில் டீ குடித்திருக்கிறாள், ஃப்ரிட்ஜ் திறக்கத் தெரியும். வண்டியை விட்டு இறங்கும்போது கையில் ஒரு கிழிந்த போர்வை. தரையில் கிடந்த பழத்தைத் தொடவில்லை. கையில் எடுத்துக் கொடுத்தால்தான் வாங்கினாள்.

"வந்துட்டா மக்கா உன் வில்லாக்காரி," என்றார் அண்ணன். "இனி தட்டுல வச்சு நீட்டு. மகாராணி தரையில கெடந்தத திங்க மாட்டா."

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உன் வில்லாக்காரி என்றதும் நிலைத்துவிட்டது.

அவளை மற்றவர்களுக்குப் பக்கத்துக் கூண்டில் விட்டோம். நடுவில் கம்பி வலை. பார்த்துப் பழகட்டும் என்று. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெரியவர் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், என் பக்கத்துக் கதவுக்கு ஓடிவந்து ஒட்டிக்கொள்வாள். நான் கையுறைக் கையை வலையில் வைப்பேன். அவளும் வைப்பாள். மற்ற நேரமெல்லாம் தன் கை ரோமத்தைத் தானே பிடுங்கிக்கொண்டிருப்பாள். முழங்கை வரை தோல் தெரிந்தது.

டாக்டரம்மா மலையாளி. தமிழ் பேசுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"கோடைக்கு எல்லாரும் ஏசி ஹாலுக்குள்ள போகணும். ஹால் ஒன்னுதான். அதுக்குள்ள அவள் இவங்களோட சேரலைன்னா, பின்னாடி இருக்கிற சின்ன ரூம்தான். தனியா."

"எத்தனை நாளைக்குங்க?"

"நாளா? இதுங்க நம்ம ஆயுசுக்கு இருக்கும்."

அந்தச் சின்ன ரூமை நான் கழுவியிருக்கிறேன். ஜன்னல் உசரத்தில் இருக்கும். வானம் கொஞ்சம் தெரியும். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பிறகு அவள் சாப்பாட்டை வலை ஓரத்தில் வைத்துப் பார்த்தோம். பட்டினி கிடந்தாள். கிழவியை மட்டும் வலை அருகே விட்டுப் பார்த்தோம். கிழவி உதட்டை நீட்டிக் கூப்பிட்டாள். இவள் முதுகைக் காட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

குளிர் ஏறியது. விடிகாலையில் பனிமூட்டத்தில் எதிர்க் கூண்டு தெரியாது. அவளுடைய போர்வை நாறிப் போயிற்று. டாக்டரம்மா சொல்லி எரித்துவிட்டோம். சாக்கு கொடுத்தால் தூக்கி எறிந்தாள். மட்டையை மடக்கத் தெரியாது. வெறும் பலகையில் குறுகிக் கிடந்தாள்.

அப்போது எனக்கு லீவு நெருங்கியிருந்தது. ஊருக்குக் கொண்டுபோக ஒரு கம்பளி வாங்கி, பை பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். கம்பளி என்றால் எங்கள் ஆட்களுக்குப் புலிக் கம்பளிதான். கடையில் பூப் போட்டதும் இருந்தது. லீவுக்குப் போகிறவன் பூவோடு போனால் வீட்டில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். முழுப் புலி, வாயைத் திறந்துகொண்டு, ஆள் உசரத்துக்கு.

"அதக் குடு அவளுக்கு," என்றார் அண்ணன். "ஊருக்கு வேற வாங்கிக்க. பைக்குள்ள கெடந்து புலிக்கு என்ன குளிரப் போவுது?"

எனக்கும் சரியென்று பட்டது. சாயங்காலம் சாப்பாடு முடிந்த நேரம். பையைப் பிரித்தேன். மடிப்போடு உள்ளே திணிக்க முடியாது. விரித்து, ஓரத்தைப் பிடித்துக் கூண்டுக் கதவுக்கு நேராக உதறினேன். நான் கம்பளிக்குப் பின்னால். புலி அவர்களுக்கு முன்னால்.

அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. ஐந்தும் ஒரே தொண்டையாகக் குரைத்தன. பெரியவருக்கு ரோமம் எழும்பி உடம்பு இரண்டு பங்காயிற்று. அதுகள் அள்ளி எறிந்த சாணி பறந்து வந்தது. புலி மேல் கொஞ்சம், அண்ணன் மேல் கொஞ்சம்.

"லேய், மடிடே. புலிய மடி."

மடிக்கத் தெரியாமல் கம்பளி என் தலைமேல் சுற்றிக்கொண்டது. கதவில் அவள் வந்து மோதுவாள் என்று காத்திருந்தேன். எப்போதும் அதுதானே. மோதவில்லை. தலையை வெளியே எடுத்துப் பார்த்தேன்.

அவளுக்குப் புலியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வில்லா மெத்தையில் இதே மாதிரி எத்தனை புலியைப் போர்த்தியிருப்பாளோ. அவள் பயந்தது அந்தக் கூச்சலுக்கு. என்னைத் தேடியிருக்கிறாள். நான் இருந்த இடத்தில் நான் இல்லை. நடுக்கூண்டில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கிழவி வலை வழியே விரலை நீட்டியிருந்தாள். இவள் ஓடிப்போய் வலையில் முதுகைச் சாய்த்தாள். கிழவி விரலால் அவள் தோள் ரோமத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கம்பளியைச் சுருட்டி மேலே உட்கார்ந்துகொண்டேன். கூச்சல் மெல்ல அடங்கியது. கிழவி விடவில்லை. பிடித்த ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்க்கத் தொடங்கினாள்.

"பேன் பாக்குதா பாரு மக்கா," என்று அண்ணன் சின்னக் குரலில் சொன்னார். சாணியைத் துடைக்கவும் மறந்து நின்றார்.

டாக்டரம்மா ஓடிவந்தார். "காட்டில சிறுத்தைக்குப் பயந்த ரத்தம் இதுங்களோடது. நீங்க புலியைக் கொண்டுவந்தீங்களா?" என்று திட்ட ஆரம்பித்தவர் வலையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் இருட்டும்வரை அங்கேயே நின்றோம்.

மறுநாள் டாக்டரம்மா கேட்டார். "லீவை முன்னாடி எடுக்க முடியுமா?"

"ஏங்க?"

"நீங்க இருந்தா அவள் உங்ககிட்டதான் வருவாள். நீங்க கண்ணுல படாதப்பதான் கிழவிகிட்ட போனாள்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் புரிந்தது. போகும்போது கூண்டுப் பக்கம் போகவில்லை. அண்ணன் வண்டிவரை வந்தார். "நான் பாத்துக்கிடுதேன், நீ போடே," என்றார். கம்பளியைத் துவைத்துக் காயப்போட்டு அவரே பெட்டியில் வைத்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் புலியைப் பிடித்திருந்தது. எனக்கு அதில் படுத்தால் தூக்கம் வரவில்லை.

லீவு முடிந்து வந்தபோது வெயில் தொடங்கியிருந்தது. எல்லோரையும் ஏசி ஹாலுக்கு மாற்றியிருந்தார்கள். பின்னாலிருந்த சின்ன ரூமை முதலில் போய்ப் பார்த்தேன். காலியாக இருந்தது. காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஹாலுக்குக் கண்ணாடிச் சுவர். அண்ணன் என்னை ஓரமாக நிற்க வைத்தார். அவள் மேல் பலகையில் இருந்தாள். ஒரு மட்டையை மடக்கிக்கொண்டிருந்தாள். மடக்க மடக்க நிமிர்ந்துகொண்டது. மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தாள். சறுக்கியது. பக்கத்தில் கிழவி தன் படுக்கையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லாக்காரியின் முழங்கையில் புது ரோமம், கறுப்பாக, குட்டை குட்டையாக.

"கூப்பிடணுமாடே?" என்றார் அண்ணன். "ஒரு தரம் கூப்பிட்டுக்க. டாக்டரம்மா இல்ல."

கூப்பிட்டால் திரும்புவாள். அது எனக்குத் தெரியும்.

"வேண்டாண்ணே," என்றேன். "படுக்கை போடட்டும்."

கஞ்சி வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனேன்.